கட்டியின் அளவை மட்டும் பார்க்காதீர்கள்!

(மருத்துவ உதவித் தொண்டர்களுக்கான பயிற்சி முகாமில், ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் இரவு பகல் பாராமல் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள். ரத்தம் கொடுப்பவர்கள். ஸ்கேன் சென்டரின் வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள். ரிப்போர்ட் கவர் கைக்கு வந்ததும், "என்ன தம்பி, கட்டி குறைஞ்சிருக்கா?" என்று நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது டாக்டரிடம் அல்ல, உங்களிடம்தான்! அந்த இடத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் நிமிர்ந்து விடும். அல்லது உடைந்து விடும். எனவேதான் கல்லீரல் கட்டிக்குச் சிகிச்சை கொடுத்த பிறகு எடுக்கப்படும் ஸ்கேனைப் பற்றி இன்று உங்களிடம் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

இரண்டாவது வரியைப் படிக்காத குடும்பம்

மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய். வயது அறுபதை நெருங்கியவர். கல்லீரலில் 5.1 செ.மீ. அளவில் ஒரு கட்டி. கல்லீரலிலேயே உருவாகும் புற்றுநோய் அது. கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள் மருந்தைச் செலுத்தி, பிறகு அந்தக் குழாயையே அடைத்து விடும் சிகிச்சை அவருக்குச் செய்யப்பட்டது. 'டேஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் ஸ்கேன். ரிப்போர்ட்டின் முதல் வரியில் கட்டியின் அளவு 5.3 செ.மீ. என்று இருந்தது.

மகன் அந்த வரியைப் படித்தார். அதோடு நிறுத்திக் கொண்டார். "எங்க அத்தாவுக்கு இவ்வளவு செலவு பண்ணியும் கட்டி வளர்ந்துதான் இருக்கு" என்று கடைத்தெரு முழுக்கச் செய்தி பரவியது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அடுத்த முறை சிகிச்சைக்குக் கொடுத்திருந்த தேதிக்கு அவர்கள் போகவில்லை. யாரோ சொன்ன பச்சிலை வைத்தியத்தை நம்பிப் போனார்கள். ஏழு மாதம் கழித்து வயிறு வீங்கிய நிலையில் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் அந்தப் பழைய ரிப்போர்ட்டும் படங்களும் என் கைக்கு வந்தன.

அதன் இரண்டாவது வரியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "கட்டியின் பெரும்பகுதி செத்து விட்டது. ஓர் ஓரத்தில் மட்டும் 1.4 செ.மீ. அளவுக்கு உயிருள்ள பகுதி மிச்சமிருக்கிறது." இதுதான் செய்தி! சிகிச்சை தோற்கவில்லை. முக்கால் பங்குக்கு மேல் வேலை செய்திருந்தது. மிச்சமிருந்த அந்தச் சிறு துண்டுக்காகத்தான் மறு தேதி கொடுக்கப்பட்டிருந்தது. அந்தத் துண்டு ஏழு மாதத்தில் வளர்ந்து, கல்லீரலுக்குள் போகும் பெரிய ரத்தக் குழாய்க்குள்ளேயே புகுந்து விட்டிருந்தது. மறுபடியும் அதே சிகிச்சையைச் செய்ய வழியில்லாமல் போயிற்று.

அந்த இரண்டாவது வரியை அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் படித்துச் சொல்ல ஆள் இல்லை. ஆங்கிலத்தில் எழுதிக் கவரில் போட்டுக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் என் துறையினருக்கும் இதில் பங்கு உண்டு. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

அளவுகோல் பிறந்த கதை

கட்டி சுருங்கினால் நல்லது, பெருத்தால் கெட்டது என்று நாம் நினைப்பதில் தப்பில்லை. மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது.

லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் மூலம் படமெடுக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டுக்கும், அதற்கான கணக்கு அடிப்படையை வகுத்த கார்மாக்குக்கும் 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே 1979-ல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய்க் கட்டி சிகிச்சைக்குப் பணிகிறதா என்று அளக்க ஒரு பொது முறையை வெளியிட்டது. கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்ப்பது அந்த முறை.

2000-ல் அதை எளிமையாக்கி 'ரெசிஸ்ட்' என்ற விதிமுறை வந்தது. 2009-ல் அது திருத்தப்பட்டது. அதன்படி கட்டிகளின் நீளமான விட்டங்களைக் கூட்ட வேண்டும். கட்டிகள் முழுதும் மறைந்தால் முழுப் பலன். கூட்டுத்தொகை 30 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைந்தால் பகுதிப் பலன். 20 சதவிகிதமோ அதற்கு மேலோ கூடி, அந்தக் கூடுதல் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள். புதிதாக ஒரு கட்டி முளைத்தாலும் அப்படியே. இவற்றில் எதிலும் சேராதது 'நிலையாக இருக்கிறது'.

நல்ல விதிதான். உலகமெங்கும் இன்றும் பயன்படுகிறது. ஆனால் கல்லீரலில் உருவாகும் புற்றுநோய்க்கு முன்னால் இந்த விதி திணறியது! என்ன காரணம்?

வெளிச்சம் எரியும் கடை எது?

வியாபாரிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு கடைத்தெருவை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு கடைக்கு மின்சாரத்தைத் துண்டித்து, சரக்கு வரும் வழியையும் அடைத்து, பூட்டுப் போட்டு விட்டார்கள். மறுநாள் ஒருவர் டேப்பை எடுத்துக் கொண்டு வந்து அந்தக் கடையின் நீள அகலத்தை அளக்கிறார். "நேற்று இருந்த அளவே இருக்கிறது. எனவே இங்கே வியாபாரம் நடக்கிறது" என்று சொல்கிறார். அவரைப் பார்த்து நீங்கள் சிரிக்க மாட்டீர்களா?

கடை உயிரோடு இருக்கிறதா என்று அறிய டேப் உதவாது. இரவு நேரத்தில் தெருவில் நடந்து, எந்தக் கடையில் விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும்.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் 'போர்ட்டல்' சிரை வழியாக. மீதி கால் பங்கு தமனி வழியாக. ஆனால் கல்லீரலில் பிறக்கும் புற்றுநோய்க் கட்டி தன் உணவைப் பெரும்பாலும் தமனியிலிருந்தே உறிஞ்சுகிறது. இந்த வித்தியாசம்தான் சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் ஒரே சமயத்தில் சாவியாக அமைந்தது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயை உள்ளே அனுப்பி, கட்டிக்குப் போகும் கிளையை மட்டும் அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும். கல்லீரலின் மற்றப் பகுதி சிரை ரத்தத்தால் பிழைத்துக் கொள்ளும்.

ஸ்கேனில் என்ன செய்கிறார்கள்? கை நரம்பில் சாய மருந்தை ஏற்றி, பல கட்டமாகப் படமெடுக்கிறார்கள். மருந்து ஏறிய சுமார் அரை நிமிடத்தில் அது தமனியில் பாயும்போது ஒரு படம். ஒரு நிமிடம் தாண்டியதும் சிரை வழியாகக் கல்லீரல் முழுதும் நிறையும்போது ஒரு படம். சில நிமிடம் கழித்து மூன்றாவது படம். உயிருள்ள கட்டி முதல் கட்டத்தில் பளிச்சென்று ஒளிரும்; பிற்கட்டங்களில் சுற்றியுள்ள கல்லீரலை விட மங்கிப் போகும். செத்த பகுதி எந்தக் கட்டத்திலும் ஒளிராது. எரியும் விளக்கும் அணைந்த விளக்கும் இப்படித்தான் பிரித்து அறியப்படுகின்றன. டாக்டர் 'ட்ரைபேசிக்' அல்லது 'ட்ரிபிள் பேஸ்' என்று எழுதிக் கொடுப்பது இதற்காகத்தான். செலவு குறைகிறதே என்று சாதாரண ஸ்கேனை எடுத்து வந்தால், பகலில் போய் எந்தக் கடையில் விளக்கு எரிகிறது என்று தேடிய கதையாகி விடும்!

பார்சிலோனாவில் எடுத்த முடிவு

இந்தச் சிக்கலை உணர்ந்த ஐரோப்பியக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கம் 2000-ல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் வல்லுநர்களைக் கூட்டியது. கல்லீரல் புற்றுநோயில் கட்டியின் மொத்த அளவை மட்டும் பார்க்கக் கூடாது, செத்த பகுதியைக் கழித்து விட்டு உயிருள்ள பகுதியைக் கணக்கிட வேண்டும் என்ற கருத்து அங்கே வலியுறுத்தப்பட்டது. 2010-ல் லென்சியோனி, லோவெட் ஆகிய இரு மருத்துவர்கள் அதை ஒழுங்குபடுத்தி, திருத்திய ரெசிஸ்ட் முறையாக வெளியிட்டார்கள். 'எம்-ரெசிஸ்ட்' என்பது அதன் பெயர். 30, 20 என்ற அதே எண்கள்தான். ஆனால் அளக்கப்படுவது வேறு. தமனிக் கட்டத்தில் ஒளிரும் பகுதியின் விட்டம் மட்டும் அளக்கப்படும்.

அந்த மளிகைக் கடைக்காரரின் கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். பழைய முறைப்படி 5.1 என்பது 5.3 ஆயிற்று. அந்த முறையிலும் கூட இது 'நிலையாக இருக்கிறது' என்றுதான் வரும். 'வளர்ந்து விட்டது' என்று வராது! புதிய முறைப்படியோ 5.1 என்பது 1.4 ஆயிற்று. 70 சதவிகிதத்துக்கு மேல் குறைவு. பகுதிப் பலன்! ஒரே படம், ஒரே நோயாளி. ஒரு வரியைப் படித்தால் தோல்வி. அடுத்த வரியைப் படித்தால் நம்பிக்கை.

இன்னொரு சான்றும் உண்டு. 'சோராபெனிப்' என்ற மாத்திரையைக் கல்லீரல் புற்றுநோய் முற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2008-ல் வெளிவந்தது. 602 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். மாத்திரை பெற்றவர்களில் கட்டி அளவுகோல்படி சுருங்கியது நூற்றுக்கு வெறும் 2 பேருக்குத்தான். அளவை மட்டும் பார்த்திருந்தால் அந்த மருந்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள். ஆனால் உயிர் வாழ்ந்த காலத்தின் நடு அளவு, மாத்திரை பெற்றவர்களுக்கு 10.7 மாதம், வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 7.9 மாதம். கட்டி சுருங்கவில்லை, ஆயுள் நீண்டது! சிந்தித்துப் பாருங்கள்.

ஆரம்ப இருப்பு இல்லாமல் லாபக் கணக்கா?

இனி வீட்டார் வழக்கமாகச் செய்யும் பெரிய தவறுக்கு வருகிறேன். பழைய படங்களைத் தொலைப்பது! ஆரம்ப இருப்பு தெரியாமல் ஆண்டு முடிவில் லாப நட்டம் பார்க்க எந்த வியாபாரியாலாவது முடியுமா? சிகிச்சைக்கு முன்னால் எடுத்த படம்தான் ஆரம்ப இருப்பு. அது இல்லாவிட்டால் எங்களால் "இன்று இப்படி இருக்கிறது" என்று மட்டுமே சொல்ல முடியும். "குறைந்திருக்கிறது" என்றோ "கூடியிருக்கிறது" என்றோ சொல்ல முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலன் கிடைத்ததா என்று பார்க்க முதல் படத்தோடு ஒப்பிட வேண்டும். நோய் திரும்ப முற்றுகிறதா என்று பார்க்க, இதுவரை எடுத்த படங்களில் எதில் மிகக் குறைவாக இருந்ததோ அதோடு ஒப்பிட வேண்டும். தொடக்கத்தில் கூட்டுத்தொகை 10 செ.மீ. என்று வைத்துக் கொள்ளுங்கள். சிகிச்சையில் 6 ஆயிற்று. நல்ல பலன். அடுத்த ஸ்கேனில் 7.5. "முதலில் பத்து இருந்ததே, இன்னும் குறைவாகத்தானே இருக்கிறது" என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். தவறு! ஆறிலிருந்து ஏழரை என்றால் 25 சதவிகிதம் ஏறியிருக்கிறது. நோய் மறுபடி தலைதூக்கி விட்டது. நடுவில் எடுத்த அந்தப் படம் தொலைந்து போயிருந்தால் இந்த எச்சரிக்கை மணி அடித்திருக்காது.

அவசரப்பட்டால் ஏமாற்றமே

எந்தச் சிகிச்சைக்குப் பிறகு, எத்தனை நாளில் பார்க்கிறோம் என்பதையும் விளங்கிக் கொள்ள வேண்டும்.

ஊசியால் கட்டியைச் சுட்டு அழிக்கும் சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் முதல் படத்தில், சுட்ட இடம் பழைய கட்டியை விடப் பெரிதாகத் தெரியும். பெரிதாகத்தான் தெரிய வேண்டும்! கட்டியைச் சுற்றிலும் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை சேர்த்தே சுடுகிறார்கள். வேரோடு பிடுங்கும்போது சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்து வருவது போன்றது அது. இதைப் பார்த்து "மூன்று நாலாகி விட்டதே" என்று அழக் கூடாது.

டேஸ் சிகிச்சையில் சில இடங்களில் 'லிப்பியோடால்' என்ற அயோடின் கலந்த எண்ணெயைச் சேர்ப்பார்கள். அது சி.டி. படத்தில் தானாகவே வெள்ளையாகப் பளிச்சிடும். அந்த வெள்ளைக்குப் பின்னால் உயிருள்ள பகுதி ஒளிந்திருந்தால் கண்டுபிடிப்பது சிரமம். எனவேதான் டாக்டர்கள் சில நேரம் சி.டி. போதாது, எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள் என்கிறார்கள். எல்லா நேரமும் அது பணம் பறிக்கும் வேலை என்று நினைத்து விடாதீர்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சை மெதுவாக வேலை செய்வது. பல மாதங்கள் வரை கட்டி ஒளிர்ந்து கொண்டே இருக்கக் கூடும். அளவும் உடனே குறையாது. அவசரப்பட்டுத் தோல்வி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் இப்போது கல்லீரல் புற்றுநோய்க்கும் வந்து விட்டன. 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட மருந்தொன்றை மற்றொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அது சோராபெனிப்பை விட மேலான பலன் தந்தது. இந்த வகை மருந்தில் சிலருக்குக் கட்டி முதலில் வீங்கிப் பின்னர் சுருங்குவது உண்டு. எனவே 2017-ல் இதற்கென வகுத்த விதி, முதல் முறை பெருத்ததாகத் தெரிந்தால் நான்கு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்த்து உறுதி செய்யச் சொல்கிறது. ஆனால் இப்படி வீங்கிச் சுருங்குவது அரிது. நோயாளியின் உடல்நிலை சரிந்து கொண்டே போகும்போது, "இது பொய் வீக்கம்தான்" என்று நாமாகச் சமாதானம் சொல்லிக் கொள்ளக் கூடாது.

எல்லாக் கட்டிக்கும் ஒரே சட்டமா?

இல்லை! நான் இதுவரை விளக்குக் கணக்குச் சொன்னது கல்லீரலிலேயே பிறந்த புற்றுநோய்க்கு. குடல் போன்ற வேறு உறுப்பில் பிறந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகள் பல, தமனிக் கட்டத்தில் அப்படிப் பளிச்சென்று ஒளிர்வதில்லை. அவற்றுக்குப் பெரும்பாலும் பழைய ரெசிஸ்ட் அளவுதான் பயன்படுகிறது. எனவே "அந்த பாய்க்கு அப்படிச் சொன்னார்களே" என்று ஒருவருடைய ரிப்போர்ட்டை வைத்து இன்னொருவருக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மேலும், ஸ்கேன் மட்டுமே முழுக் கணக்கு ஆகாது. கட்டி செத்திருக்கும், ஆனால் மிச்சமுள்ள கல்லீரல் சுருங்கிப் பலவீனமாகி இருக்கும். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், ரத்தப் பரிசோதனை, நோயாளி எழுந்து நடமாடும் தெம்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். பழைய கட்டி முழுதும் செத்துப் போயிருந்தும், வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கலாம். அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் சில மாதங்களுக்கு ஒரு முறை படமெடுக்கச் சொல்கிறார்கள். அந்தத் தேதிகளைத் தவற விடாமல் இருப்பதும் சிகிச்சையே.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, நோயாளியின் எல்லாப் படங்களையும் தேதி வாரியாக ஒரே பையில் வையுங்கள். பிலிம் மட்டும் போதாது, சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ முழுப் படங்களையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்தப் பையோடு போங்கள்.

இரண்டாவதாக, முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே வகை ஸ்கேனை எடுங்கள். ஒருமுறை சி.டி., மறுமுறை எம்.ஆர்.ஐ. என்று மாற்றினால் ஒப்பிடுவது கடினம். டாக்டரே மாற்றச் சொன்னால் அது வேறு.

மூன்றாவதாக, ஸ்கேன் எடுப்பவரிடம் என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் நடந்தது என்பதைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். அது தெரியாமல் படிக்கும் ரிப்போர்ட்டில் தவறு நேர வாய்ப்புண்டு.

நான்காவதாக, சாய மருந்து ஏற்றும் முன் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் காட்டுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் சாப்பிடுபவரா, முன்பு சாய மருந்தால் ஒவ்வாமை வந்தவரா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐந்தாவதாக, டாக்டரிடம் "கட்டி எவ்வளவு இருக்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உயிருள்ள பகுதி எவ்வளவு மிச்சம்? புதிதாக ஏதும் வந்திருக்கிறதா? எந்தப் பழைய படத்தோடு ஒப்பிட்டீர்கள்? அடுத்த படம் எப்போது?" என்ற நான்கையும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் 'வயபிள்' என்றிருந்தால் உயிருள்ளது. 'நான்-வயபிள்' என்றால் உயிரற்றது. 'ஈக்விவோக்கல்' என்றால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்று பொருள். இந்த மூன்று சொற்களையும் மனதில் எழுதிக் கொள்ளுங்கள்.

இளைஞர்களே! நீங்கள் டாக்டராக வேண்டியதில்லை. கவரைப் பிரித்து முதல் வரியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி செய்தவர்கள் ஆவீர்கள். மீதிப் பாதி, அந்தக் குடும்பத்தின் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குள் அழைத்துச் சென்று இரண்டாவது வரியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பது.

வியாபாரப் பெருமக்களே! நோயாளிக்கு நன்கொடை தரும்போது முதல் சிகிச்சைக்கு மட்டும் கொடுத்து விட்டு ஒதுங்கி விடாதீர்கள். ஆறு வாரம் கழித்து எடுக்க வேண்டிய ஸ்கேனுக்கும், அதற்குப் பிறகு வரக் கூடிய இரண்டாவது சிகிச்சைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாதிக் கிணறு தாண்ட வைத்து விட்டு நாம் திரும்பி விடலாமா?

அந்த மளிகைக் கடைக்காரரின் மகன் கடைசியாக என்னிடம் கேட்டது இன்றும் காதில் ஒலிக்கிறது. "இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா, அத்தாவைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பேனே!" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நம் மஹல்லாவில் இன்னொரு மகன் கேட்கும் நிலை வரக் கூடாது. அடுத்த முறை ஒரு ஸ்கேன் கவர் உங்கள் கைக்கு வரும்போது, இரண்டாவது வரியையும் படியுங்கள்!